பயிரும் களையும் மண்ணிலிருந்து எடுக்கும் நுண்ணூட்டங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிர் வெளுத்தால் பழி முதலில் களை மேல் விழுகிறது. அடுத்து, கைக்குக் கிடைத்த நுண்ணூட்டக் கலவை ஒன்று வயலுக்குள் போகிறது. மண்ணில் சத்து இருக்கிறதா, இருப்பது கரைகிறதா, கரைந்தது வேர் வரை வந்து சேர்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிச் செலவு மிச்சமாகும். கீழே உள்ள பதில்கள் அந்த வரிசையில்தான் போகின்றன.

நுண்ணூட்டங்கள் என்று எவற்றைச் சொல்கிறோம்?

இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, தாமிரம், போரான், மாலிப்டினம், குளோரின், நிக்கல் ஆகிய எட்டு. போரான் இல்லாமல் பயிர் வளராது என்பதை 1923-இல் கேத்தரின் வாரிங்டன் அவரைக் குடும்பச் செடிகளில் காட்டினார். மாலிப்டினத்தின் தேவையை 1939-இல் ஆர்னானும் ஸ்டவுட்டும் நிறுவினார்கள். நிக்கல் 1987-க்குப் பிறகுதான் பட்டியலில் உறுதியாக இடம்பிடித்தது. வயலில் அன்றாடம் தொல்லை தருபவை துத்தநாகம், இரும்பு, போரான் மூன்றும்தான். மாங்கனீசு, தாமிரம், மாலிப்டினம் குறிப்பிட்ட மண்களில் மட்டும் சிக்கலாகின்றன. குளோரினும் நிக்கலும் வயலில் குறைவது மிக அரிது.

ஒரு பயிர் இவற்றை எவ்வளவு எடுக்கிறது?

நினைப்பதைவிட மிகக் குறைவு. ஒரு ஹெக்டேரில் 5 டன் தானியம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தானியத்தில் ஏறத்தாழ 25 மில்லிகிராம் துத்தநாகம் இருந்தால், வயலை விட்டு வெளியே போவது 125 கிராம். வைக்கோலையும் சேர்த்தால் கால் கிலோவைச் சுற்றி வரும். மாலிப்டினம் இதைவிடக் குறைவு. ஹெக்டேருக்குச் சில கிராம்களே போதும்.

அப்படியென்றால் மண்ணில் அவ்வளவுகூட இல்லையா?

இருக்கிறது, வேண்டியதற்குப் பல மடங்கு இருக்கிறது. ஒரு ஹெக்டேரில் மேல் 15 செ.மீ. மண் மட்டும் சுமார் 2,000 டன் எடை. அதில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் துத்தநாகம் இருந்தால் மொத்தம் 100 கிலோ. இரும்பு 3 சதவீதம் இருந்தால் 60 டன்! அப்படிப்பட்ட மண்ணில் நிற்கும் நிலக்கடலைதான் இரும்பு கிடைக்காமல் மஞ்சளாகிறது.

காரணம், அந்த இருப்பில் மிகப் பெரும்பகுதி கனிமங்களுக்குள்ளும், இரும்பு ஆக்சைடு பூச்சுகளிலும், சுண்ணாம்புத் துகள்களின் மேலும் பிணைந்து கிடக்கிறது. மண் நீரில் கரைந்து நிற்பது அதில் துளிக்கும் குறைவு. ஆக, "மண்ணில் சத்துத் தீர்ந்துவிட்டது" என்ற பேச்சு நுண்ணூட்டங்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் பொருந்தாது. மழை அதிகம் பெய்து அரித்துப்போன மணற்பாங்கான நிலமும், மேல்மண் சீவப்பட்டுச் சமன் செய்த நிலமும் இதற்கு விதிவிலக்கு. அங்கே இருப்பே குறைவாக இருக்கலாம்.

கரைவதைத் தீர்மானிப்பது எது?

முதலில் கார அமில நிலை, அதாவது பிஎச். மண்ணின் பிஎச் ஒரு படி உயர்ந்தால் துத்தநாகத்தின் கரைதிறன் சுமார் 100 மடங்கும், இரும்பினுடையது சுமார் 1,000 மடங்கும் குறைகிறது. வயலில் பயிர் எடுக்கும் அளவு அதே விகிதத்தில் சரிவதில்லை. மட்கிலிருந்து வரும் கரிமச் சேர்மங்கள் உலோகங்களைப் பிடித்துக் கரைசலில் வைத்திருக்கின்றன. ஆனாலும் போகும் திசை அதுதான். மாலிப்டினம் மட்டும் நேர் எதிர்: பிஎச் உயர உயர அதிகம் கிடைக்கும். அமில நிலத்தில் சுண்ணாம்பு இட்டதும் பயறு வகைகள் பச்சை பிடிப்பதற்கு, கட்டுண்டு கிடந்த மாலிப்டினம் விடுபட்டு வேர்முடிச்சுகள் வேலை செய்யத் தொடங்குவதும் ஒரு காரணம்.

அடுத்தது ஈரம். இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. போரான் மண்நீரோடு வேருக்கு இழுபட்டு வருகிறது. துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு, தாமிரம் ஆகியவை பெரும்பாலும் ஊடுபரவல் மூலம், செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு, மண் துகள்களைச் சுற்றியுள்ள நீர்ப் படலத்தின் வழியே மெல்ல நகர்ந்துதான் வேரை அடைகின்றன. ஒரு பருவம் முழுவதிலும் அவை நகரும் தொலைவு சில மில்லிமீட்டர்களே. மேல்மண் காய்ந்தால் அந்தப் படலம் அறுந்துவிடும். சத்து மண்ணில் இருக்கும், வேருக்கு வராது.

குளிர்ந்த மண்ணில் வேர் வளர்ச்சியும் ஊடுபரவலும் இரண்டுமே மந்தமாகும். இளம் பயிரில் தெரியும் துத்தநாகக் குறை, மண் சூடானதும் சில சமயம் தானாகவே மறைவது இதனால்தான்.

வேர் சும்மா காத்திருக்கிறதா, எதுவும் செய்கிறதா?

நிறையச் செய்கிறது. இரும்பை எடுப்பதில் செடிகள் இரண்டு வழிகளைக் கையாள்கின்றன. இருவித்திலைத் தாவரங்கள், அதாவது நிலக்கடலை, பயறு, பருத்தி, தக்காளி போன்றவை, வேரைச் சுற்றி அமிலத்தை வெளியிட்டு, எளிதில் கரையாத மூவிணைதிற இரும்பைக் கரையும் ஈரிணைதிற இரும்பாக ஒடுக்கி, அதன் பிறகே உள்ளே எடுக்கின்றன. மண்நீரில் பைகார்பனேட் அதிகம் இருந்தால் இந்த வழி அடைபடுகிறது. வெளியிட்ட அமிலத்தை அது உடனே நடுநிலையாக்கிவிடும்.

புல் குடும்பம் வேறு வழியில் போகிறது. மியூஜினிக் அமில வகைச் சேர்மங்களை வேர் வெளியிடும். அவை மண்ணிலுள்ள இரும்பைக் கவ்விக்கொள்ள, அந்தக் கூட்டுப் பொருளை அப்படியே வேர் உறிஞ்சும். பார்லி இதில் முன்னணி, கோதுமை அடுத்து. சோளம், மக்காச்சோளம், நெல் ஆகியவை குறைவாகவே வெளியிடுகின்றன. நெல் கூடுதலாக, நீர் நிற்கும் மண்ணில் கிடைக்கும் ஈரிணைதிற இரும்பை நேரடியாகவும் எடுத்துக்கொள்ளும். ஒரே சுண்ணாம்பு நிலத்தில் பார்லி பச்சையாக நிற்க, பக்கத்தில் நிலக்கடலை வெளுப்பதற்கு இந்த வேறுபாடே காரணம்.

மூன்றாவது உதவி வேர் உட்பூசணம், அதாவது வேருக்குள் குடியேறிச் செடியோடு கூட்டாக வாழும் பூசணம். அதன் இழைகள் வேர் எட்டாத தூரத்திலிருந்து துத்தநாகத்தையும் தாமிரத்தையும் கொண்டுவருகின்றன. கடுகு குடும்பமும் கீரைக் குடும்பமும் இந்தப் பூசணத்தோடு கூட்டுச் சேர்வதில்லை. அதனால் கடுகுக்குப் பின் விதைத்த மக்காச்சோளத்திலும், நெடுநாள் தரிசாகக் கிடந்த நிலத்திலும் துத்தநாகக் குறை கூடுதலாகத் தலைகாட்டும்.

களைகள் பயிரைவிட அதிகமாக நுண்ணூட்டங்களை எடுத்துவிடுகின்றனவா?

ஒரு கிலோ உலர் எடைக்குக் கணக்கிட்டால், பல களைகள் அதிகம் வைத்திருக்கின்றன. குப்பைக்கீரை, முள்ளுக்கீரை, சக்கரவர்த்திக்கீரை, தரைக்கீரை, சாரணை போன்ற அகல இலைக் களைகள் குறுகிய காலத்தில் வேகமாக வளர்ந்து, பல தனிமங்களை இலையில் செறிவாகச் சேர்ப்பவை.

ஆனால் மொத்தக் கணக்கு வேறு. ஒரு ஹெக்டேரில் களை 2 டன் உலர் எடைக்கு வளர்ந்து, கிலோவுக்கு 40 மில்லிகிராம் துத்தநாகம் சேர்த்தாலும் அது எடுத்தது 80 கிராம். 100 கிலோ இருப்பில் 80 கிராம்! அதுவும் களை வயலிலேயே மட்கினால் மண்ணுக்கே திரும்பிவிடும். "களை நுண்ணூட்டத்தைக் கொள்ளையடிக்கிறது" என்பதை இந்த எண்கள் தாங்கவில்லை.

களை மண்டிய இடத்தில்தானே பயிர் வெளுக்கிறது?

ஆமாம், அந்தக் கவனிப்பு சரியானதே. ஆனால் அது நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

தழைச்சத்து, நைட்ரேட்டாக நீரோடு ஓடுவது. எங்கோ இருக்கும் களை வேர், பயிருக்குப் போகவேண்டிய நைட்ரேட்டை இழுத்துவிட முடியும். துத்தநாகம் அப்படி ஓடாது. பயிர் வேரும் களை வேரும் சில மில்லிமீட்டர் நெருக்கத்தில் இருந்தால்தான் ஒன்றின் பங்கை மற்றது எடுக்க முடியும். விதைத்த வரிசைக்குள்ளேயே அடர்த்தியாக முளைத்த களையிடம் அது நடக்கும். இரண்டு வரிசைகளுக்கு நடுவில் நிற்கும் களையிடம் தொடக்கத்தில் நடப்பதில்லை.

பெரிய சேதம் மறைமுகமாக வருகிறது. துத்தநாகம் செறிந்திருப்பது மேல் 15 செ.மீ. மண்ணில். களை அந்த அடுக்கின் ஈரத்தைத்தான் முதலில் உறிஞ்சுகிறது. ஈரம் போனதும் ஊடுபரவல் நின்றுவிடும். கூடவே, நிழலும் தழைச்சத்துப் போட்டியும் சேர்ந்து பயிரின் வேரைக் குட்டையாக்குகின்றன. நகராத சத்தைத் தேடிப் போக வேண்டியது வேர்தான். வேரே வளராவிட்டால் சத்து எட்டாது. ஆகவே முதல் 3 முதல் 6 வாரங்களுக்குள் களை எடுப்பதுதான் நுண்ணூட்டத்துக்கும் பலன் தரும். அதற்குப் பிறகு எடுப்பது அறுவடைக்கும் அடுத்த பருவத்துக்கும் உதவுமே தவிர, நின்றுபோன வேர் வளர்ச்சியை மீட்டுத் தராது.

களை எடுக்கும்போது ஆழமாகக் கொத்துவதும் கெடுதல். மேல் அடுக்கிலுள்ள பயிரின் நுண்வேர்கள் அறுந்து, களை செய்ததையே மண்வெட்டியும் செய்துவிடும். 3 முதல் 5 செ.மீ. ஆழம் போதும்.

களை பச்சைப்பசேல் என்று இருக்கிறது, பயிர் மட்டும் மஞ்சளாக இருக்கிறது. என்ன பொருள்?

நல்ல தடயம் இது. அந்த மண்ணில் சத்து அறவே இல்லை என்பதற்கு வாய்ப்புக் குறைவு என்று களை சொல்கிறது. மூன்றைச் சோதியுங்கள். ஒன்று, பயிரின் இனமோ ரகமோ அந்தச் சத்தை எடுப்பதில் திறமை குறைந்ததாக இருக்கலாம். சுண்ணாம்பு மண்ணில் இது அடிக்கடி நேர்வது; ரகத்தை மாற்றினாலே பல வயல்களில் பிரச்சினை தீர்கிறது. இரண்டு, பயிரின் வேர் பழுதாகியிருக்கலாம். ஒரு செடியை மண்வெட்டியால் ஆழத் தோண்டி எடுத்து, தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேர் பழுப்பாக, நுனி மழுங்கி, முடிச்சுகளோடு இருந்தால் நூற்புழு, வேரழுகல் அல்லது இறுகிய மண்ணைத் தேட வேண்டும். உரம் தீர்வாகாது. மூன்று, களைக்கொல்லி படிந்த பாதிப்பாக இருக்கலாம்; அப்போது வெளுப்பு தெளித்த பாதையிலும் வயல் ஓரத்திலும் கோடு பிடித்தாற்போலத் தெரியும்.

களையும் பயிரும் சேர்ந்தே வெளுத்திருந்தால், மண்ணோ நீரோ தான் காரணம் என்று துணிந்து அடுத்த சோதனைக்குப் போகலாம்.

எந்தக் களை முளைக்கிறது என்பதை வைத்து மண்ணின் சத்தைச் சொல்லிவிட முடியுமா?

முடியாது. ஈரம், உவர், இறுக்கம் போன்றவற்றுக்கு ஓரளவு குறிப்புத் தரும். துத்தநாகம் குறைவா போரான் குறைவா என்பதைக் களையின் பெயர் சொல்லாது. முந்தைய ஆண்டுகளில் எந்த விதை விழுந்தது, எந்தக் களைக்கொல்லி அடித்தீர்கள் என்பதே அதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

புல் இனக் களை இரும்பைக் கரைத்துக் கொடுக்கும் என்கிறார்களே, விட்டுவிடலாமா?

அந்த இயக்கம் உண்மையானது. சுண்ணாம்பு மண்ணில் மக்காச்சோளத்தை ஊடுபயிராக வைத்தபோது நிலக்கடலையின் இரும்பு மஞ்சள் குறைந்ததை வட சீனாவில் நடந்த ஆய்வுகள் காட்டின. புல்லின் வேர் வெளியிடும் சேர்மம் பக்கத்துச் செடிக்கும் இரும்பைக் கரைக்கிறது. ஈரம் போதுமான பழத்தோட்டத்தில், வெட்டிப் பராமரிக்கும் புல் மூடாக்காக இதைப் பயன்படுத்தலாம். வருடப் பயிரில் தானாக முளைத்த புல்லை இதற்காக விடுவது நட்டத்தில் முடியும். நீரிலும் தழைச்சத்திலும் அது எடுப்பது மிக அதிகம்.

பிடுங்கிய களையை என்ன செய்வது?

பூக்கும் முன் பிடுங்கியதை வரிசைகளுக்கிடையே மூடாக்காகப் பரப்புங்கள். அது சேர்த்த நுண்ணூட்டம் மேல்மண்ணுக்கே திரும்பும், ஈரமும் நிற்கும். கோரை, அருகம்புல் போன்றவற்றைக் கிழங்கும் தண்டும் நன்கு காயாமல் பரப்பினால் அங்கேயே மீண்டும் துளிர்க்கும். தரைக்கீரையும் அப்படியே, ஈரமான மண்ணில் துண்டு துண்டாகவும் வேர்விடும்.

விதை பிடித்த களையை உரக்குவியலில் போடுவதானால் குவியலின் நடுப்பகுதி 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில நாள்கள் இருக்க வேண்டும். ஓரத்தில் கிடப்பது உள்ளே போகும்படி இரண்டு மூன்று முறை புரட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: ஆலைக் கழிவுநீர் பாய்ந்த நிலத்தின் களைகளை உரமாக்க வேண்டாம். துத்தநாகம் நுழையும் வழியாகவே காட்மியமும் செடிக்குள் போகிறது. மணத்தக்காளி போன்ற சில செடிகள் காட்மியத்தை மிக அதிகமாகச் சேர்ப்பவை. அதை மட்கவைத்து வேறு வயலில் போட்டால் நஞ்சை இடம் மாற்றியதாகும்.

களைக்கொல்லியோடு துத்தநாக சல்பேட்டைக் கலந்து ஒரே முறையில் அடிக்கலாமா?

கிளைபோசேட்டோடு கூடாது. துத்தநாகம், மாங்கனீசு, இரும்பு, கால்சியம் எல்லாவற்றையும் கவ்விப் பிடிக்கும் மூலக்கூறு அது. டேங்கிலேயே இரண்டும் பிணைந்துவிட்டால் களையின் இலைக்குள் மருந்து நுழைவது குறையும். களை அரைகுறையாகச் சாகும், பயிருக்கும் சத்துச் சேராது. கடின நீரில் கலக்கும்போது களைக்கொல்லி வலுவிழப்பதும் இதே வேதியியலால்தான். அதைத் தவிர்க்க, 100 லிட்டர் நீரில் முதலில் 1 முதல் 2 கிலோ அம்மோனியம் சல்பேட்டைக் கரைத்து, பிறகு களைக்கொல்லியை ஊற்ற வேண்டும். வரிசையை மாற்றினால் பலன் குறையும்.

மண்ணில் தங்கும் கிளைபோசேட், அடுத்த பயிருக்கு மாங்கனீசைத் தடுக்கிறதா என்பதில் வயல் ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. ஏற்கெனவே மாங்கனீசு குறைந்த மண்ணாக இருந்தால் இலைப் பரிசோதனை செய்து பாருங்கள். அந்தப் பயத்தில் முன்கூட்டியே உரம் இட வேண்டியதில்லை.

எந்தச் சத்துக் குறைகிறது என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

ஊகிக்கலாம், உறுதி செய்ய முடியாது. முதலில் பார்க்க வேண்டியது எந்த இலை என்பதை.

இரும்பு: மிக இளம் இலையில் நரம்பு பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாக, வலை விரித்தாற்போல் கூர்மையாகத் தெரியும். முற்றினால் இலை முழுதும் வெண்மையாகும். மாங்கனீசும் நரம்பிடை மஞ்சளே, ஆனால் பச்சைக்கும் மஞ்சளுக்கும் எல்லை மங்கலாக இருக்கும், புள்ளிகளும் வரும். துத்தநாகம் மக்காச்சோளத்தில் மிகத் தெளிவு: முளைத்து இரண்டு மூன்று வாரத்தில், இலையின் அடிப்பாதியில், நடுநரம்பின் இரு பக்கமும் வெளிறிய பட்டை ஓடும், நடுநரம்பும் ஓரமும் பச்சையாக இருக்கும். நெல்லில், நட்டு 2 முதல் 4 வாரத்தில் கீழ் இலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றி, தூர் வைப்பது குறைந்து, வயல் மேடும் பள்ளமுமாக வளரும். போரான் குறைந்தால் நுனி மொட்டுக் கருகும், காம்பும் தண்டும் வெடிக்கும், பூ உதிரும், நிலக்கடலைப் பருப்பின் நடுவே குழி விழும். தாமிரம் குறைந்த கோதுமையில் இலை நுனி வெளுத்து முறுக்கிக்கொள்ளும். மகரந்தம் கெட்டுக் கதிர் பதராகும். மாலிப்டினக் குறை தழைச்சத்துக் குறை போலவே முதிர்ந்த இலையில் தொடங்கும்.

ஐயம் இருந்தால் இலைச் சோதனை செய்யுங்கள். ஒரு லிட்டர் நீரில் 1 கிராம் சிட்ரிக் அமிலம், 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, வெளுத்த இளம் இலையில் ஒரு பாதியில் மட்டும் தூரிகையால் மாலையில் தடவி, நூல் கட்டி அடையாளம் வையுங்கள். வேறொரு செடியில் 0.5 சதத் துத்தநாக சல்பேட்டையும், மூன்றாவதில் 0.5 சத மாங்கனீசு சல்பேட்டையும் அதேபோல் தடவுங்கள். இரும்புதான் குறை என்றால், நான்கைந்து நாளில் தடவிய பாதியில் பச்சை திரும்பும். முதலில் துளித் துளியாகத் திட்டுத் திட்டாக வரும். தடவாத பாதி அப்படியே மஞ்சளாக நிற்கும். துத்தநாகத்துக்கு விடை இவ்வளவு வேகமாக வராது. அடுத்து விரியும் இலையைப் பார்க்க வேண்டும்.

மண் மாதிரி எடுப்பதில் என்ன தவறு நடக்கிறது?

துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு வாளி. நுண்ணூட்டப் பரிசோதனைக்கு எடுக்கும் மண்ணை அதில் போட்டால், வாளியின் துத்தநாகம் அறிக்கையில் ஏறிவிடும். துருப்பிடித்த கருவியும் பித்தளைச் சல்லடையும் இதே கெடுதலைச் செய்யும். பிளாஸ்டிக் வாளி, துருப்பிடிக்காத எஃகுக் கரண்டி அல்லது மரக்குச்சி பயன்படுத்துங்கள்.

ஒரே மாதிரியான நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக 15 முதல் 20 இடம். வரப்பு, எருக்குவியல் கிடந்த இடம், மரநிழல் வேண்டாம். ஒவ்வொரு இடத்திலும் ஆங்கில 'வி' வடிவில் 15 செ.மீ. குழி வெட்டி, வெட்டிய பக்கத்திலிருந்து மேலிருந்து கீழாக 2 செ.மீ. கனத்துக்குச் சீவி எடுங்கள். மண்வெட்டி பட்ட பகுதியைத் தள்ளிவிடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களை நீக்கிக்கொண்டே வந்து அரைக் கிலோவாக்கி, நிழலில் உலர்த்தி அனுப்புங்கள்.

அறிக்கையில் வரும் எண்களை எப்படிப் படிப்பது?

துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு, தாமிரம் நான்கையும், உலோகங்களைக் கவ்விப் பிடிக்கும் டிடிபிஏ என்ற சேர்மத்தின் கரைசலால் பிரித்து அளப்பதே பரவலான முறை. லிண்ட்சேயும் நார்வெல்லும் 1978-இல் வெளியிட்டது அது. கிலோ மண்ணுக்குத் துத்தநாகம் 0.6 மில்லிகிராம், இரும்பு 4.5, மாங்கனீசு 1 முதல் 2, தாமிரம் 0.2 ஆகியவற்றுக்குக் கீழே இருந்தால் குறைவு என்பது பொதுவான எல்லை. வெந்நீரில் கரையும் போரானுக்கு 0.5. பயிருக்கும் மண்ணுக்கும் ஏற்ப ஆய்வகங்கள் எல்லையைச் சற்று மாற்றி வைத்திருக்கும். அவர்கள் தரும் எல்லையையே பின்பற்றுங்கள்.

இலைப் பரிசோதனையில் துத்தநாகம் உலர்ந்த இலை கிலோவுக்கு 15 முதல் 20 மில்லிகிராமுக்குக் கீழே போனால் குறை என்று கொள்ளலாம். இரும்பில் மட்டும் ஏமாற வேண்டாம். வெளுத்த இலையில் மொத்த இரும்பு பச்சை இலைக்குச் சமமாகவோ அதிகமாகவோகூட இருப்பதுண்டு, ஏனென்றால் உள்ளே போன இரும்பு செயல்படாமல் தங்கிவிடும். இலை மேல் ஒட்டிய புழுதியும் எண்ணை ஏற்றிவிடும். கழுவாமல் அனுப்பிய இலையின் இரும்பு அளவுக்கு மதிப்பே இல்லை.

துத்தநாகம் எவ்வளவு, எப்படி இடுவது?

குறை உறுதியானால் ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட், அதாவது ஏக்கருக்கு 10 கிலோ. இது 21 சதம் துத்தநாகம் உள்ள ஏழு நீர்மூலக்கூறு வகைக்கு. 33 சதம் உள்ள வகையானால் ஹெக்டேருக்கு 15 கிலோ போதும். மணலோடு கலந்து சீராகத் தூவி, கடைசி உழவில் மண்ணோடு சேருங்கள். மேலே தூவி விட்டுவிட்டால் அது மேலேயே கிடக்கும், வேரைத் தேடி இறங்காது. ஒரு முறை இட்டது அடுத்த இரண்டு மூன்று பயிருக்கும் உதவும். பயிருக்குப் பயிர் இடத் தேவையில்லை.

நிற்கும் பயிரில் குறை தெரிந்தால் 0.5 சதக் கரைசல் தெளியுங்கள்: 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட், 25 கிராம் நீற்றிய சுண்ணாம்பு. சுண்ணாம்பைத் தனியாக ஊறவைத்து, தெளிந்த நீரை வடிகட்டிச் சேருங்கள். சுண்ணாம்பு இல்லாமல் அடித்தால் கரைசலின் அமிலத்தில் இளம் இலை கருகும். 10 நாள் இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று முறை, வெயில் தாழ்ந்த பிறகு.

நெல் நாற்றுக்கு இன்னொரு வழி: 2 சதத் துத்தநாக ஆக்சைடு கலவையில் வேரை நனைத்து நடுவது.

டிஏபி இட்ட பிறகு துத்தநாகக் குறை ஏன் கூடுகிறது?

டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) மணிச்சத்து மிகுந்த உரம். மணிச்சத்து அதிகமானால் மூன்று விதமாகக் கெடுக்கும். பயிரின் உடல் வேகமாகப் பெருத்து, உள்ளிருக்கும் துத்தநாகம் அதில் நீர்த்துப்போகும். வேர் உட்பூசணம் மணிச்சத்து மிகுந்த வேரில் குடியேறுவது குறையும். செடிக்குள்ளும் துத்தநாகத்தின் செயல்பாடு பாதிக்கப்படும். மண்பரிசோதனையில் மணிச்சத்து அதிகம் என்று வந்தால் அடியுரத்தில் அதைக் குறைப்பதே முதல் மருந்து. கரைசலில் டிஏபியையும் துத்தநாக சல்பேட்டையும் சேர்த்துக் கலக்கக் கூடாது. வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்து தெளிப்பானை அடைக்கும்.

மண்ணில் அன்னபேதி போட்டும் மஞ்சள் மாறவில்லையே?

சுண்ணாம்பு மண்ணில் மாறாது. ஈரிணைதிற இரும்பு காற்றும் காரமும் பட்டதும் மிக விரைவில் துருவாக மாறிவிடும். ஏற்கெனவே கிடக்கும் 60 டன்னோடு இன்னும் சில கிலோ சேர்ந்ததுதான் மிச்சம்.

இலைவழி கொடுப்பதானால் 10 லிட்டர் நீரில் முதலில் 10 கிராம் சிட்ரிக் அமிலம், பிறகு 50 முதல் 100 கிராம் அன்னபேதி. கரைசல் இளம்பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பாக மாறிவிட்டால் கொட்டிவிடுங்கள். படிகங்களின் மேல் மஞ்சள் பழுப்புப் பொடி படிந்த பழைய சரக்கையும் வாங்காதீர்கள். செடிக்குள் இரும்பு இலைவிட்டு இலைக்கு எளிதில் நகராது. எனவே தெளித்த பின் விரிந்த இலை மறுபடி மஞ்சளாக வரும். 7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை திரும்பத் தெளிக்க வேண்டும்.

மண்வழி கொடுக்கக் கீலேட், அதாவது இரும்பைக் கவ்விக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும் சேர்மம் வேண்டும், அதிலும் சரியான கீலேட். இடிடிஏ இரும்பு பிஎச் 6.5 வரையும், டிடிபிஏ இரும்பு சுமார் 7.5 வரையும் தாங்கும். அதற்கு மேற்பட்ட சுண்ணாம்பு மண்ணில் இடிடிஹெச்ஏ மட்டுமே நிற்கும். அது வெளிச்சத்தில் சிதையும், ஆதலால் வேர்ப்பகுதியில் ஊற்றி மண்ணால் மூட வேண்டும்.

மருந்துக்கு முன் பாசனத்தையும் பாருங்கள். சுண்ணாம்பு மண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் விடும் கரியமில வாயு வெளியேற முடியாமல் பைகார்பனேட்டாக மாறும். அந்த மஞ்சள், வடிகாலைத் திறந்து ஒரு நனைப்பைத் தள்ளிப்போட்டாலே பல நேரம் குறையும்.

நீர் நிற்கும் நெல் வயலில் நிலைமை வேறா?

தலைகீழ். நீர் நின்றதும் மண்ணில் உயிர்வளி தீர்ந்து, இரும்பும் மாங்கனீசும் கரைந்து பெருகும். துத்தநாகம் கிடைப்பது குறையும். நெல்லில் 'கைரா' எனப்பட்ட நோய் துத்தநாகக் குறைதான் என்பதை 1966-இல் பந்த்நகரில் (இன்றைய உத்தராகண்ட்) தாவர நோயியலாளர் ஒய். எல். நெனே கண்டறிந்தார். குறை தெரிந்த வயலில் நீரை வடித்து, மண் லேசாக வெடிக்கும்வரை காயவிட்டாலே பயிர் தேறத் தொடங்கும். அமில நிலங்களில் இதே நீர்தேக்கம் இரும்பு நஞ்சாக மாறி இலையைத் தாமிர நிறமாக்கும். அங்கேயும் வடிகால்தான் முதல் மருந்து.

போரானை ஏன் பயந்து பயந்து சொல்கிறீர்கள்?

தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகச் சிறியது என்பதால். ஹெக்டேருக்கு 10 கிலோ வெண்காரம் (போராக்ஸ்) என்றால் போரான் சுமார் ஒரு கிலோதான். அதை இரட்டிப்பாக்கினால் தானியப் பயிர் முதிர்ந்த இலையின் ஓரம் கருகிக் காட்டக்கூடும். விதை வரிசையில் விதையைத் தொடும்படி இடவே கூடாது. சமமாகத் தூவ முடியாதென்றால் மண்வழியைக் கைவிட்டு, பூக்கும் முன் 0.2 சத போரிக் அமிலக் கரைசலை இலைவழி கொடுங்கள். கிணற்று நீரில் போரான் அதிகமுள்ள பகுதியில் நீரைப் பரிசோதிக்காமல் ஒரு கிராம்கூட இடாதீர்கள்.

தொழு உரம் மட்டும் போதாதா?

நடுத்தர மண்ணில் பெரும்பாலும் போதும். ஹெக்டேருக்கு 10 டன் தொழு உரம் சில நூறு கிராம் துத்தநாகத்தைத் தானே கொண்டுவருகிறது. அதைவிட முக்கியம், மண்ணில் கட்டுண்டதைக் கரைசலில் பிடித்துவைக்கும் கரிமச் சேர்மங்கள். கடுமையான குறை இருந்தால் முதல் முறை சல்பேட்டையும் எருவையும் சேர்த்து இடுங்கள். கோழி எருவில் தீவனம் வழியாகத் துத்தநாகமும் தாமிரமும் கூடுதலாக இருக்கும். ஆண்டுதோறும் நிறைய இடும் நிலத்தில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

எல்லா நுண்ணூட்டமும் கலந்த கலவையை ஆண்டுதோறும் இட்டால் பாதுகாப்புத்தானே?

இல்லை. குறையாத சத்தை இடுவது, குறைந்ததை எடுப்பதற்குத் தடையாகலாம். தாமிரமும் துத்தநாகமும் வேரில் ஒரே வாசலுக்குப் போட்டியிடுகின்றன; இரும்பும் மாங்கனீசும் அப்படியே. மண்ணில் சேர்ந்த தாமிரம் பல ஆண்டுகளுக்கு அகலாது. மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைப் பல பத்தாண்டுகள் தெளித்த திராட்சைத் தோட்டங்களின் மண் இதற்குச் சான்று. கலவைகளில் ஒவ்வொரு சத்தும் சிறு அளவே இருப்பதால், உண்மையான துத்தநாகக் குறையையும் அவை நிறைவு செய்வதில்லை. மூட்டையில் அச்சிட்ட சதவீதத்தை எடையால் பெருக்கிப் பாருங்கள். ஹெக்டேருக்கு 5 கிலோ துத்தநாகம் வருகிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வாங்கிய துத்தநாக சல்பேட் நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?

பார்வைக்கு அதேபோல் இருக்கும் மெக்னீசியம் சல்பேட்டைக் கலப்பதுதான் வழக்கமான கலப்படம். ஒரு கண்ணாடிக் குழாயில் சிட்டிகை உரத்தை வடிநீரில் கரைத்து, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு சில துளி விடுங்கள். இரண்டிலுமே வெள்ளையாகக் கஞ்சிபோல் திரியும். இப்போது அடர்ந்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்துக் குலுக்குங்கள். துத்தநாகமானால் திரிந்தது மறுபடி கரைந்து தெளியும். மெக்னீசியமானால் வெள்ளை அப்படியே நிற்கும். கலப்படமானால் ஒரு பகுதி கரைந்து ஒரு பகுதி நிற்கும். கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள், தோலை அரிக்கும் காரம் அது.